பத்து லட்சத்து மூணு

அந்தப் படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. மொத்தக் கன்றுகள். பங்குகளின் எண்ணிக்கை. ஒரு பங்கில் உள்ள கன்றுகள். மீதி என்று எழுத ஒரு கட்டம் இல்லை. எல்லா வம்பும் அதிலிருந்துதான் வந்தது.

வனவர் ஆதிமூலம் அதை என் முன்னாலும் தங்கதுரை முன்னாலும் மேஜைமேல் போட்டார். 1987 செப்டம்பர், ஒரு புதன்கிழமை. கோமுகி அணைக்குக் கீழே இருந்த நாற்றங்கால். நான் அங்கே மூன்று வருஷமாகப் பை நிரப்பிக்கொண்டிருந்தேன். செம்மண் ரெண்டு கூடை, மணல் ஒரு கூடை, எரு ஒரு கூடை கலந்து, பாலிதீன் பையில் குத்திக் குத்தி நிரப்பி, விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, கன்று முழ உயரம் வந்ததும் தட்டில் அடுக்கித் தலையில் தூக்கி லாரியில் ஏற்ற வேண்டும். பிளஸ் டூவில் கணக்கில் இருநூற்றுக்கு நூற்று எழுபத்தெட்டு எடுத்தவள் என்பதற்காகத் தட்டின் பாரம் குறைந்துவிடவில்லை.

டேலி நோட்டு எழுதிக்கொண்டிருந்தவர் சேலத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தார். எத்தனை பை நிரம்பியது, எத்தனை முளைத்தது, எத்தனை ஏற்றியது என்று கொட்டகை நிழலில் உட்கார்ந்து எழுதுகிற வேலை. அதற்கு நானும் கேட்டிருந்தேன், தங்கதுரையும் கேட்டிருந்தான். தங்கதுரை ஊர்க்காரன், குத்தகைக்குக் கரும்பு போடுகிறவர் மகன். பி.எஸ்சி. கணக்கு, கடைசி வருஷத்தில் ஒரே ஒரு பேப்பர் போய்விட்டது. நான் காலனி.

"மொத்தம் பத்து லட்சத்து மூணு" என்றார் ஆதிமூலம். "அஞ்சு நாத்தங்காலும் சேத்து. இத சமமாப் பங்கு போட்டு எழுதணும். போன வருசம் பெருக்கிப் பாத்தா வரலன்னு மேலாபீசுல செவப்பு மையில சுழிச்சித் திருப்பிட்டான். இந்த வருசமும் திரும்புச்சின்னா எனக்கு மெமோ."

"மூணு எங்கேருந்து சார் வந்துச்சு?" என்றான் தங்கதுரை. "பத்து லட்சம்னாதான போர்டுல இருந்தது?"

"தொடக்க விழாவுல மூணு அதிகாரிங்க ஆளுக்கு ஒண்ணு நட்டாங்களே. அதையும் சேத்துப் பேப்பர்ல போட்டுட்டாங்க. போர்டையும் மாத்தி எழுதியாச்சு."

"அந்த மூணை வுட்டுடலாமே சார்" என்றேன்.

"நீ வுடுவ. அவுங்க வுடுவாங்களா?" படிவத்தை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். "அடுத்த வார வெசாழக்கெழம இத வாங்க ஜீப்பு வரும். ரெண்டு பேர்ல எவுங்க சரியான பங்கு சொல்றீங்களோ அவுங்க கையில நோட்டு. போங்க."

மறுநாள் காலையில் ரோடு இல்லை. கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகிற வழி முழுக்கப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். படிப்பிலும் வேலையிலும் நூற்றுக்கு இருபது இடம் தனியாக வேண்டும் என்று தங்கதுரையின் சாதிக்காரர்கள் ஏழு நாள் மறியல் அறிவித்திருந்தார்கள். தங்கதுரையும் கோடாலியோடு அதில் இருந்தான். பஸ் இல்லை, லாரி இல்லை. கரியாலூர்ப் பக்கத்திலிருந்து வரவேண்டிய எருவண்டி வரவில்லை. திருக்கோவிலூரில் வீடு இருந்த ஆதிமூலம் போக வழியில்லாமல் குவார்ட்டர்ஸிலேயே கிடந்தார். அங்கங்கே காலனிக் கூரைகளுக்கு நெருப்பு வைக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. எங்கள் பெண்கள் வேலைக்கு வரவில்லை.

ஆனால் கன்றுக்கு மறியல் தெரியாது. தண்ணீர் கேட்கும். மேஸ்திரி இருசம்மாள் வந்தாள். நானும் போனேன். இருசம்மாளுக்கு நாற்பது வயசு இருக்கும். மூன்றாம் வகுப்பில் நிறுத்திவிட்டார்கள். ஒரு பாத்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு எத்தனை பை என்று சொல்லிவிடுவாள். எண்ணிப் பார்த்தால் சரியாக இருக்கும்.

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு இருக்கற? படுக்க வச்சா படுத்துக்கும்டி."

பைகளை வரிசை குலையாமல் சமமாக அடுக்குவதைத்தான் நாங்கள் படுக்க வைப்பது என்போம். இருபத்து நான்கு பை என்றால் நாலுக்கு ஆறாகப் படுக்கும், மூணுக்கு எட்டாகப் படுக்கும்.

"எல்லாமே படுக்காதுக்கா. பதினேழு பை குடுத்தா படுக்க வச்சிடுவியா?"

"பதினேழு பொடிசு. பொடிசுதான் மொரண்டு புடிக்கும். பெருசு எங்கனா ஒரு எடத்துல மடியும். பத்து லட்சம்டி! எத்தினி வழி இருக்கும்? பொறுமை இல்லாதவதான் படுக்கலம்பா."

பள்ளிக்கூடத்தில் பகா எண் என்று படித்திருந்தேன். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறெதாலும் வகுபடாத எண். புத்தகத்தில் நூறு வரைக்கும்தான் போட்டிருந்தார்கள். அதற்குமேல் யோசித்ததில்லை. இருசம்மாள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அவ்வளவு பெரிய எண்ணில் ஒரு விரிசல்கூடவா இருக்காது? இருந்தால் அதைக் கண்டுபிடிப்பவருக்கு நிழல் வேலை.

"எது வரைக்கும் பாக்கறது?" என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். "பத்து லட்சம் வரைக்குமா?"

இருசம்மாள் குழாயை அடுத்த பாத்திக்கு இழுத்துப் போட்டாள். "பாத்திக்கு அகலம்னு ஒண்ணு, நீளம்னு ஒண்ணு. அகலத்தப் புடிச்சா நீளம் தன்னால வந்துடும். ரெண்டையும் எதுக்குத் தேடற?"

அங்கேயே உட்கார்ந்து தரையில் எழுதிப் பார்த்தேன். ஆயிரத்துக்கு ஆயிரம் போட்டால் பத்து லட்சம். ஆயிரத்து ஒன்றுக்கு ஆயிரத்து ஒன்று போட்டால் பத்து லட்சத்து இரண்டாயிரத்து ஒன்று. நம்முடையதைத் தாண்டிவிடுகிறது. அப்படியானால் அகலமும் நீளமும் இரண்டுமே ஆயிரத்துக்கு மேல் இருக்க முடியாது. பங்கு இருந்தால், ஒரு பக்கம் ஆயிரத்துக்குள் மாட்டியே ஆக வேண்டும்.

"ஆயிரம் தடவ வகுக்கணும்" என்றேன்.

"ஏன்? ரெண்டு ரெண்டாப் படுக்காதது நாலு நாலா மட்டும் படுத்துடுமா? மூணுல அடங்காதது ஆறுல அடங்குமா? மூளைய வூட்ல வச்சிட்டு வந்தியா?"

எங்கள் பெரிய சவுண்டல் மரக்கன்றுப் பாத்தி குறுக்கே பத்துப் பை, நீளத்தில் நூறு வரிசை. சரியாக ஆயிரம். முதல் பையை ஒன்று என்று வைத்துக்கொண்டோம். இரண்டாவது இரண்டு, முதல் வரிசையின் கடைசி பத்து, அடுத்த வரிசை பதினொன்றில் தொடக்கம். மணல் குவியலிலிருந்து ஒரு கூடை அள்ளி வந்தோம். இரண்டை விட்டுவிட்டு, அதன் பிறகு இரண்டிரண்டாகத் தாண்டி ஒவ்வொரு பைமேலும் ஒரு சிட்டிகை மணல். பிறகு மூன்றை விட்டு மூன்று மூன்றாக. நான்கின் தலையில் ஏற்கெனவே மணல். ஐந்து, ஏழு, பதினொன்று என்று போனோம். முப்பத்தொன்றுக்கு மேல் புதிதாக மணல் போட ஒரு பைகூட அகப்படவில்லை.

"இந்த மொதப் பைய இன்னா பண்றது?" என்றேன். "ஒண்ணு."

"ஒத்த ஒத்தையா வச்சா எதுதான் படுக்காது? அது ஒரு பங்கா? தூக்கி ஓரமாக் கெடாசு."

அந்தப் பையைப் பாத்தியிலிருந்து எடுத்து வரப்புமேல் வைத்தேன்.

பாத்தியை எழுந்து நின்று பார்த்தோம். முதல் வரிசையைத் தாண்டிவிட்டால் நாலே நாலு நேர்கோட்டில் மட்டும் மணல் இல்லாத பைகள். ஒன்றில் முடிவது, மூன்றில், ஏழில், ஒன்பதில். அந்தக் கோடுகளிலும் ஒரு ஒழுங்கு இல்லை. இரண்டு அடுத்தடுத்து நிற்கும். பிறகு ஒரு வரிசை முழுக்க ஒன்றும் இருக்காது. பிறகு ஒரே வரிசையில் நாலு. யாரோ குருட்டுவாக்கில் பிடுங்கிப் போட்ட மாதிரி இருந்தது. ஆனால் எங்கள் கையால், ஒன்றுகூடத் தப்பாமல், விதிப்படி செய்தது. அது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. இருசம்மாளும் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நூத்தி அறுபத்தெட்டு" என்றாள். எண்ணிப் பார்த்தேன். சரி.

மத்தியானம் தங்கதுரை தண்ணீர் குடிக்க வந்தான். வியர்வையும் புளியமரத் தூளுமாக இருந்தான். பானை பக்கத்தில் இருந்தும் குழாயைத் தூக்கிக் கையில் ஏந்திக் குடித்தான்.

"இன்னா இருசம்மா, கன்னுக்கெல்லாம் வுபூதி பூசி வச்சிருக்கற?"

அவன் அம்மா வயசு இருக்கும் அவளுக்கு. பேர் சொல்லித்தான் கூப்பிடுவான்.

"ஆமா தம்பி. வெளிய நீங்க மரத்தப் படுக்க வச்சிட்டீங்க. உள்ள நாங்க கன்னப் படுக்க வச்சிக்கினு இருக்கறோம்."

அவன் பாத்தியை உற்றுப் பார்த்தான். அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "அட, பகா எண்ணு சலிக்கிற சல்லடை! காலேஜில போர்டுல போட்டுப் போட்டு அழிச்சாங்க. இப்பதான் கண்ணால பாக்கறன்." சொல்லிவிட்டு வரப்பில் குந்தி ஒவ்வொரு கோடாகப் பார்த்தான். போகும்போது, "நானும் வகுத்துக்கினுதான் இருக்கறேன். நாப்பத்தேழு வரைக்கும் வந்துட்டன்" என்றான்.

அன்றிலிருந்து வகுத்தல்தான். பாலிதீன் பை வந்த அட்டைப்பெட்டிகளைக் கிழித்துப் பென்சிலால் எழுதினேன். காலையில் தண்ணீர் ஊற்றுவது, பிறகு கணக்கு, சாயங்காலம் திரும்பத் தண்ணீர். சின்ன எண்கள் முடிந்ததும் வரிசை பார்க்காமல் கண்ணில் பட்டதை எடுத்தேன். முடிந்த எண்ணின் பைமேல் இருசம்மாள் மணல் போட்டுவிடுவாள்.

ஏழால் வகுத்தேன், நாலு மிச்சம். பதினொன்றால் வகுத்தேன், நாலு. பதின்மூன்று, நாலு. எங்கேயோ தப்புச் செய்கிறேன் என்று திரும்பப் போட்டேன். அதே நாலு. பதினேழு போட்டதும் பன்னிரண்டு வந்தது, பத்தொன்பதுக்குப் பதினாலு வந்தது. முப்பத்தேழில் மறுபடியும் நாலு. அன்று முழுக்க அதுவே மண்டையில் ஓடியது. சாயங்காலம் தண்ணீர் ஊற்றும்போதுதான் பிடிபட்டது. நாலைக் கழித்தால் ஒன்பது லட்சத்து தொண்ணூற்றொன்பதாயிரத்து தொள்ளாயிரத்து தொண்ணூற்றொன்பது. வரிசையாக ஆறு ஒன்பதுகள். அதை இந்த நாலு பேரும் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். நாலே நாலு தள்ளி இருப்பது நன்றாகப் படுக்கிறது. இது படுக்க மாட்டேன் என்கிறது.

"ஒரு ஆளு நல்லவன், அவன் பக்கத்து வூட்டுக்காரன் முசுடு. இல்லியா?" என்றாள் இருசம்மாள்.

நான்காம் நாள் அவள், "நூத்துக்குக் கிட்டக்க இருக்கறதெல்லாம் எனக்குக் குடு, நான் மனசுலயே போடறேன்" என்றாள். நூற்றி ஒன்றைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டுப் பேசினாள்.

"நூறு நூறாக் கட்டுனா பத்தாயிரம் தட்டு, மூணு உதிரி. ஒவ்வொரு தட்டுலயும் இன்னொண்ணு வைக்கணும். எங்கேருந்து வைப்பேன்? தொண்ணூத்தொம்பது தட்டப் பிரிச்சிக் கொட்டறேன். உதிரி ஒம்பதாயிரத்து தொள்ளாயிரத்து மூணு ஆச்சா? மிச்சத் தட்டு ஒம்பதாயிரத்து தொள்ளாயிரத்து ஒண்ணு. தட்டுக்கு ஒண்ணு போடு." கண்ணைத் திறந்தாள். "அடியே, சரியாப் போச்சுடி!"

"இன்னாக்கா சொல்ற?"

"நூத்தியொண்ணு நூத்தியொண்ணா, ஒம்பதாயிரத்து தொள்ளாயிரத்து ஒரு பங்கு. படுத்துடுச்சி! நான் சொல்லல, பெருசு எங்கனா மடியும்னு?"

அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அப்புறம்தான் பம்ப் செட்டுப் பக்கம் தங்கதுரை குழாயோடு நிற்பதைப் பார்த்தேன். குழாயைக் கீழே போட்டுவிட்டு வேகமாக நடந்தான். குவார்ட்டர்ஸ் பக்கம்.

நாங்கள் போய்ச் சேருவதற்குள் ஆதிமூலம் வாசலுக்கே வந்துவிட்டார். "தங்கதொரை சொல்லிட்டாம்மா. நூத்தியொண்ணு. ஜோரான எண்ணு, மொய் வைக்கிற மாதிரி."

"சார், அது இருசம்மா அக்கா கண்டுபுடிச்சது."

"எவுங்க மொதல்ல வந்து சொன்னாங்க?"

தங்கதுரை என்னைப் பார்க்கவில்லை. நாங்கள் திரும்பி வந்தோம். இருசம்மாள் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். "வாயா இது? தமுக்கு."

காலையில் தொட்டி நிரம்பும் வரைக்கும் சும்மா இருக்க முடியாமல் அட்டையில் பெருக்கிப் பார்த்தேன். ஒன்பதாயிரத்து தொள்ளாயிரத்து ஒன்றை நூற்றி ஒன்றால். பத்து லட்சத்து ஒன்று வந்தது. திரும்பப் பெருக்கினேன். பத்து லட்சத்து ஒன்று.

"அக்கா, உதிரி ஒம்பதாயிரத்து தொள்ளாயிரத்து மூணு. தட்டு ஒம்பதாயிரத்து தொள்ளாயிரத்து ஒண்ணு. தட்டுக்கு ஒண்ணு போட்டா ரெண்டு மிஞ்சுமே?"

"ஆமா, ரெண்டு மிஞ்சும். சாவுக்கன்னு."

லாரி கிளம்பும்போது மேலே இரண்டு கன்று சும்மா போடுவோம். வழியில் செத்தால் ஈடு. அதை யாரும் எண்ணுவதில்லை, எழுதுவதில்லை. அதற்குப் பேர் சாவுக்கன்று.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கையில் இருந்த குழாய் பாத்தியை விட்டு நடைபாதையில் ஊற்றிக்கொண்டிருந்தது.

"இருவது வருசமா அந்த ரெண்ட நான் எண்ணுனதே இல்லடி" என்றாள்.

தங்கதுரையிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். வியாழக்கிழமை அவனே விழுந்திருப்பான். ஆனால் அவன் விழுந்தால் எனக்கு நோட்டு வந்துவிடாது. சரியான பங்கு வேண்டும். பாத்தியில் மணல் படாத பைகள் இன்னும் அறுபத்திரண்டு இருந்தன. எல்லாம் பெரிய எண்கள். இருசம்மாள் மனசில் அடங்காது. இரண்டு நாளில் நான் ஒருத்தி முடிக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. அது உண்மையில் பிரியுமா பிரியாதா என்று எனக்குத் தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. தெரியாமல் சோறு இறங்கவில்லை.

ரோட்டுக்குப் போனேன். விழுந்து கிடந்த புளியமரத்தின்மேல் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தூரத்திலேயே நின்றேன்.

"காலனிப் பொண்ணுக்கு இங்க இன்னா வேல?" என்றது ஒரு குரல்.

"தங்கதொரைகிட்ட ஒரு கணக்குச் சொல்லணும்."

"கணக்கா? டேய் மாப்ள, உனக்குக் கணக்குத் தீர்க்க ஆளு வந்திருக்குதுடா!" சிரித்தார்கள்.

அவன் இறங்கி வந்தான். முகம் கடுகடுவென்று இருந்தது. "எதுக்கு இங்க வந்த? எதுனா ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"ரெண்டு மிஞ்சுது. நூத்தியொண்ணு தப்பு. பெருக்கிப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. கல் ஒன்றை எடுத்துத் தார் ரோட்டில் பெருக்கினான். கையெழுத்து அழகாக இருந்தது. விடையைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே இன்னொரு தடவை பெருக்கினான்.

"ஒரே ஒரு பேப்பர்" என்றான் யாரிடமோ சொல்வது மாதிரி. "அதுலயும் கடைசில சரி பாக்காம வந்ததுலதான் போச்சு."

அறுபத்திரண்டு எண்களையும் எழுதிய அட்டையை இரண்டாகக் கிழித்துப் பாதியை நீட்டினேன். "முப்பத்தொண்ணு நீங்க, முப்பத்தொண்ணு நான்."

"கெடைச்சா உங்கிட்ட நான் சொல்லுவன்னு நெனைக்கிறியா?"

"சொல்ல மாட்டீங்க. கெடைக்கலன்னாதான் அட்டைய எடுத்துக்கினு வருவீங்க. எப்படி இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிடும்."

அவன் அட்டையை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அந்த இரண்டு நாளும் நான் வேறெதையும் நினைக்கவில்லை. நானூற்றுத் தொண்ணூற்றொன்பதில் ஏழு மிச்சம் என்றதும் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். அவ்வளவு பெரிய எண்ணுக்கு வெறும் ஏழு! எழுநூற்று ஐம்பத்தேழில் ஆறுதான். கிட்ட வந்து வந்து தள்ளிப் போயிற்று. ஒவ்வொரு தடவையும் மாட்டிவிடும் என்றே தோன்றும். மாட்டாதபோது ஏமாற்றத்தோடு கூடவே ஒரு சந்தோஷமும் வரும். அது எதற்கென்று எனக்கே புரியவில்லை. நோட்டு வேண்டுமானால் அது உடைய வேண்டும். ஆனால் உடைந்துவிடக் கூடாது என்றும் மனசு ஒரு பக்கம் கேட்டது. கடைசிப் பை தொள்ளாயிரத்து தொண்ணூற்றேழு. ஆயிரத்து மூன்று தடவை போயிற்று. பன்னிரண்டு மிச்சம்.

புதன்கிழமை சாயங்காலம் தங்கதுரை வந்தான். அட்டையை வரப்புமேல் வைத்தான். முப்பத்தொரு எண், முப்பத்தொரு மிச்சம். எனக்கு நம்பிக்கை இல்லை. நடுவில் ஒன்றை, ஐந்நூற்று நாற்பத்தொன்றை, அவன் எதிரிலேயே திரும்பப் போட்டேன். இருநூற்று முப்பத்தைந்து. அவன் எழுதியிருந்ததும் அதுதான். எங்கள் அட்டைகளில் எட்டுப் பத்தை எடுத்து அவனும் போட்டுப் பார்த்தான்.

"படுக்கலியா?" என்றாள் இருசம்மாள்.

"படுக்காதுக்கா. எப்பவும் படுக்காது."

"இவ்ளோ பெருசா இருந்துக்கினு எங்கயுமே மடியலியே!" கடைசி மணலைத் தூவிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். "இன்னா திமிரு பாரு அதுக்கு."

மூன்று பேரும் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதில் மணலில்லாத பை ஒன்றுகூட இல்லை.

வியாழக்கிழமை மரங்களை ஓரம் தள்ளினார்கள். பத்து மணிக்கு ஜீப் வந்து வாசலில் ஹாரன் அடித்தது. ஆதிமூலம் பென்சிலால் 9901 என்றும் 101 என்றும் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். மைபோட்டுக் கையெழுத்து வைக்கத்தான் பாக்கி.

"சார், அது தப்பு" என்றான் தங்கதுரை. நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொல்லிவிட்டான்.

ஆதிமூலம் பெருக்கினார். பெருக்கப் பெருக்கக் காது சிவந்தது. "ரெண்டு கம்மி! இத அனுப்பியிருந்தா? ஏண்டா, நீதானடா வந்து சொன்ன? சரி, எதுதான் வரும்?"

"எதுவும் வராது சார்" என்றேன். அட்டைக் கட்டை மேஜைமேல் வைத்தேன். "நூத்தி அறுபத்தெட்டும் பாத்தாச்சு. ரெண்டு பேரும் பாத்தோம். அது பகா எண்ணு. சமமாப் பிரியாது."

"பிரியாதுன்னு எழுதி அனுப்பட்டுமா? பிரியாதுன்னு இதுல ஒரு கட்டம் இருக்குதா? ஏழு நாளு ரெண்டு பேரும் இன்னா கிழிச்சீங்க?"

"அட்டையத்தான் சார்" என்றாள் இருசம்மாள் வெளியிலிருந்து.

ஹாரன் மறுபடியும் அடித்தது. சரியான விடை கையில் இருக்கிறது, எழுத இடம் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சவுண்டல் பாத்தியின் வரப்பில் அந்த ஒற்றைப் பை இருந்தது. முதல் நாள் ஓரமாக எடுத்து வைத்தது. இருசம்மாள் அதற்கும் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள், பை ஈரமாக இருந்தது.

ஒத்தை ஒத்தையாக வைத்தால் எதுதான் படுக்காது?

பேனாவை எடுத்தேன். பென்சில் எழுத்தை அழித்தேன். பங்குகளின் எண்ணிக்கை: 10,00,003. ஒரு பங்கில் உள்ள கன்றுகள்: 1.

"இன்னாம்மா இது, நக்கலா?"

"பெருக்கிப் பாருங்க சார்."

அவர் நிஜமாகவே பெருக்கினார். பத்து லட்சத்து மூன்றை எழுதி, அடியில் ஒன்று போட்டு, கோடு இழுத்து, ஒவ்வொரு இலக்கமாகக் கீழே இறக்கினார். வேறு விடை வந்துவிடுமோ என்று பயந்தவர் மாதிரி பார்த்தார்.

"வருது" என்றார்.

"இதவிட்டா அதுக்கு வேற பங்கே இல்ல சார்" என்றான் தங்கதுரை. "அதுதான் அந்த எண்ணோட கொணம்."

"மேல கேட்டா?"

"வூட்டுக்கு ஒரு கன்னு குடுக்கறோம்னு சொல்லுங்க சார்" என்றாள் இருசம்மாள். "மேல இருக்கறவங்களுக்கு அந்த மாரிதான் புடிக்கும்."

ஆதிமூலம் இரண்டு தடவை அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டார். ஜீப் போயிற்று.

அப்புறம் டேலி நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கணக்கு எனக்குத் தெரியும். ஊர்க்காரன், பி.எஸ்சி. வரைக்கும் படித்தவன். இந்தப் பக்கம் காலனிப் பெண். ஊரில் நாலு பேர் வந்து கேட்பார்கள். தங்கதுரை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கும் வேலை இல்லை.

"கட்டத்துல எழுதுனது யாரு?" என்றார் கடைசியில், தன்னையே கேட்டுக்கொள்கிற மாதிரி. "ஆறு மாசம் எழுதும்மா. அப்புறம் பாத்துக்கலாம். காலையில நோட்டு, மத்தியானம் பை தூக்கணும். ஆளு கம்மியா இருக்குது."

நோட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். இருசம்மாள் அதன் அட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சாவுக்கன்னுக்கு ஒரு பத்தி போடு மொதல்ல" என்றாள்.

தங்கதுரை கேட் வரைக்கும் போனவன் நின்றான். கோடாலியைத் தூணில் சாய்த்துவிட்டுத் திரும்பி வந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று நினைத்தேன்.

"அந்த ஒம்பதாயிரத்து தொள்ளாயிரத்து ஒண்ணு" என்றான். "அது?"

"அது இன்னா?"

"அது பிரியுமா?"

நான் யோசித்துப் பார்த்தேன். நூறுக்கு நூறு பத்தாயிரம். "நூறு வரைக்கும் பாத்தா போதும்."

"இருவத்தஞ்சுதான்" என்றான். பாத்தியின் முதல் பத்து வரிசைக்கு எதிரில் குந்தினான். இருசம்மாள் மணல் கூடையை அவன் பக்கம் காலால் தள்ளினாள். "மூணுக்கு ஒண்ணு மிச்சம். ஏழுக்கு மூணு. பதினொண்ணுக்கு ஒண்ணு..."

அவன் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டிருந்தேன். புது நோட்டின் முதல் பக்கம் என்பதைப் பாதியில்தான் கவனித்தேன்.

"பதிமூணு" என்று சொல்லி நிறுத்தினான்.

"எட்டு" என்றேன்.

"இரு, நானே போட்டுப் பாக்கறேன்" என்றான்.